பாதி தூக்கிய கை

வாடகைக் கார் யார்டில், ஏணி என்று எல்லோரும் கூப்பிடுகிற மனிதருக்கு வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம் அவருடைய உயரம். வேலை கேட்டுப் போன அன்று வேறு எதையும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் அவரை ஒரு காரின் முன்னால் நிற்கவைத்தார்.

"குனியாம பாரு. என்ன தெரியுது?"

"பானெட் தெரியுது சார்."

"அதுக்குக் கீழ?"

"ஒண்ணும் தெரியல."

"நாளைக்கே வந்துடு" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் ஏணிக்குப் பிறகுதான் புரிந்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்த யார்டில் கார் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவார்கள். திரும்பிவந்து விடும்போது காரைப் பார்த்து வாங்க வேண்டும். காரின் உடம்பில் கீறலோ உடைசலோ இருந்தால் காப்பீடு பார்த்துக்கொள்ளும். அடியில் அடிபட்டிருந்தால் காப்பீடு கிடையாது, ஓட்டியவர் தலையில்தான் விழும். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தது. உடம்பு எங்கே முடிந்து அடி எங்கே தொடங்குகிறது என்று மட்டும் எழுதவில்லை. அதற்கு யார்டில் ஒரு வழக்கம் இருந்தது. பார்க்கிற ஆள் நின்றபடி பார்த்துத் தெரிந்தால் அது உடம்பு. நீளக் கம்பியில் சக்கரம் வைத்துப் பொருத்திய கண்ணாடியை உள்ளே தள்ளிப் பார்த்தால்தான் தெரியும் என்றால் அது அடி. பார்க்கிற ஆள் எவ்வளவு நெட்டையோ அவ்வளவுக்கு அடி மேலே ஏறிவரும்.

அதற்காகத்தான் ஏணி. கார் வந்து நிற்கும். அவர் முன்னால் போய் நிமிர்ந்து நிற்பார். கண்ணாடியைத் தள்ளுவார். "அடி" என்பார். பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான் அவர் வேலை.

கார்களின் அடி அவருக்குப் பழகவே இல்லை. காய்ந்த சேறு, நசுங்கிய தவளை, எதில் சிக்கிக் கிழிந்ததென்று தெரியாத துணி, யாருடையதென்று தெரியாத முடிக்கொத்து. மேலே ஏசி குளிரில் வாசனை பூசிய மனிதர்கள் உட்கார்ந்து வந்திருப்பார்கள். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் அடிப்பக்கத்துக் கீறலின் மேல் மனைவியின் நகப்பூச்சைத் தடவிக்கொண்டு வருவார். இன்னொருவர் உடைந்த இடத்தை வேண்டுமென்றே சேற்றில் முக்கிக்கொண்டு வந்து, "மழைப்பா" என்பார். ஏணி கண்ணாடியை நகர்த்தும்போது காலையில் குடித்த டீ தொண்டைவரைக்கும் வந்து திரும்பும். மத்தியானச் சாப்பாட்டை அவர் யார்டில் சாப்பிடுவதே இல்லை. நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

வீடு என்பது ஒரு தங்கும் விடுதியின் பின்பக்கத்து இரண்டு அறைகள். அவர் மனைவிக்கு அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை. அந்த வேலைக்கு ஒட்டிவந்தது அந்த இடம். அதற்கு முன்னால் அவர்கள் ஒரு கடையின் படிக்கட்டுக்கு அடியில் குடியிருந்தார்கள். அங்கே ஏணியால் நிமிர முடியாது. உத்தரம் ஒன்று குறுக்கே ஓடியது. இரவில் எழுந்தால் நெற்றியில் இடிக்கும். அந்த வீட்டில் இருந்தவரைக்கும் மனைவியின் பேச்சில் பாதி, "தலை, தலை" என்பதுதான். இந்த விடுதி பழைய கட்டடம், கூரை உயரம். குடிவந்த அன்று ஏணி அறை நடுவில் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கிப் பார்த்தார். கை கூரையைத் தொடவில்லை. "இங்கேயே செத்துப்போயிடலாம்" என்றார். "நல்ல நாளும் அதுவுமா வாயைப் பாரு" என்றாள் மனைவி. ஆனால் அவளும் சிரித்தாள்.

இந்த இரண்டு அறைகளைத்தான் அவர்கள் ஒரு இரும்புத் துண்டால் இழந்தார்கள்.

விடுதி வாசலில் கார் நுழைகிற இடத்தில் அந்த இரும்பு இருந்தது. எல்லோரும் அதை முளை என்பார்கள். முன்னொரு காலத்தில் இரண்டு இரும்புத் தூண்கள் நட்டு நடுவில் சங்கிலி போட்டிருந்தார்களாம். சங்கிலியை எவனோ கழற்றிக்கொண்டு போனான். ஒரு தூணைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னொன்று வரவில்லை. அறுக்க ஆள் வந்தான். வந்தவன் நின்று அறுக்கவில்லை, தரையோடு படுத்தும் அறுக்கவில்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்து, கைக்கு வசதியான உயரத்தில் அறுத்துவிட்டுப் போய்விட்டான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது முளை. துருவும் மண்ணும் சேர்ந்து தரையின் நிறம்தான் அதற்கும். காரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு பானெட் அதை மறைத்துவிடும்.

உள்ளூர்க்காரர்கள் யாரும் அதில் மோதியதில்லை. பால் வண்டிக்காரர்கூட அந்த இடத்தில் தானாக வலது பக்கம் ஒடித்து நுழைவார். ஏன் ஒடிக்கிறீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மோதுகிறவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள்.

மோதினால் காரின் மூக்கு உடையும். உடைந்த பிளாஸ்டிக்கை ஏணியின் மனைவி பெருக்கி எடுப்பாள். பெருக்கியதை எறிய அவளுக்கு மனம் வராது. பம்பரின் வளைந்த ஒரு துண்டுதான் அவள் குப்பை அள்ளுகிற முறம். விளக்குக் கூடு ஒன்றில் குளிக்கிற சோப்பு இருந்தது. கறுப்பு வலை போட்ட ஒரு துண்டைச் சுவரில் அடித்துக் கரண்டிகளைச் செருகியிருந்தாள். காலையில் யார்டில் ஏணி ஓட்டையைப் பார்த்து "அடி" என்று சொல்லிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவார். அந்த ஓட்டையின் துண்டு வீட்டில் இருக்கும்.

"இதையெல்லாம் தூக்கி எறியேன் இவளே. சாப்பிடப் பிடிக்கல."

"ஏங்க, இது என்ன பண்ணுது உங்களை? சோப்பு வழுக்கி விழாம இருக்கு."

"எவனோட வயித்தெரிச்சலோ."

"வயித்தெரிச்சல் யார்டுல இருக்கு. இங்க வெறும் பிளாஸ்டிக்தான் வந்திருக்கு" என்று அவள் சோறு போடுவாள்.

முளைக்கு வெள்ளையடிக்கலாமே, ஒரு பலகை வைக்கலாமே என்று விடுதிக்காரரிடம் அவள் கேட்டிருக்கிறாள். விடுதிக்காரரை எல்லோரும் வக்கீல் என்பார்கள். அவர் சட்டம் படித்தவர் இல்லை. இளவயதில் ஒரு வக்கீலுக்குக் கார் ஓட்டியவர். பின் சீட்டில் பேசியதையெல்லாம் முன் சீட்டிலிருந்து கேட்டுக் கேட்டு ஆளே மாறிவிட்டார்.

"நீ புத்திசாலி பொம்பளைதானே, யோசிச்சுப் பாரு" என்றார் வக்கீல். "நான் அதுக்குப் பெயிண்ட் அடிச்சா என்ன அர்த்தம்? அங்க ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும்னு அர்த்தம். தெரிஞ்சும் ஏன் பிடுங்கலன்னு கேப்பான். பொறுப்பு என் தலையில வந்து உக்காரும். பெயிண்ட் அடிக்கலன்னா? எனக்குத் தெரியாது. தெரியாதவனை யாரு என்ன கேக்க முடியும்?"

"உங்களுக்குத் தெரியுமே சார்."

"எனக்குத் தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வக்கீல் அதோடு விடவில்லை. கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டுவைத்துச் சொன்னார். வருகிற கார்க்காரர்களிடம் வாயால் எதுவும் சொல்லக்கூடாது. "கை காட்டினாலும் அறிவிப்புதான். இங்க குடியிருக்கிறவன் கை காட்டினா நானே கை காட்டின மாதிரி. இருக்கிற இடம் நிலைக்கணுமா வேண்டாமா?"

நிலைக்க வேண்டும். ஆகவே கார் வருகிற சத்தம் கேட்டால் மனைவி பின்பக்கம் போய்விடுவாள். ஏணி வேறு எங்காவது பார்ப்பார். இடிக்கிற சத்தம் வந்ததும் வக்கீல் மேலிருந்து இறங்கி ஓடிவருவார். "அடடா, என்னாச்சு? எதுல மோதுச்சு?" என்று முளையைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் அதே வியப்பு. ஏணிக்குக் காறித் துப்பத் தோன்றும். துப்பியதில்லை, விழுங்கிக்கொள்வார். அந்த ருசி நாக்கில் இருக்கும்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் ஏணி பின்கட்டுச் சந்தின் முனையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கார் ஒன்று வந்தது. யார்டின் கார்தான். ஓட்டிவந்தவள் ஒரு குள்ளமான நடுவயதுப் பெண். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணும் கருத்துமாக ஓட்டினாள். ஒரு பூனையைப் போகவிட்டு நின்றாள். பிறகு மெதுவாக வாசலை நோக்கித் திருப்பினாள்.

ஏணியின் வலது கை எழுந்தது. அவர் அதைத் தூக்கவில்லை, அதுவாகத்தான் எழுந்தது. மார்பு உயரத்துக்கு வந்ததும் அவருக்கு வக்கீலின் ஞாபகம் வந்தது, பிறகு படிக்கட்டின் அடியில் இருந்த உத்தரம். கை அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. கார் மோதியது.

அவள் இறங்கிவந்து உடைசலைப் பார்த்தாள். முளையைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, மார்புக்கு நேரே கையை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த நெட்டை மனிதரைப் பார்த்தாள். மாடியிலிருந்து வக்கீல் இறங்கிவரும் சத்தம் கேட்டது. "அடடா, என்னாச்சு?"

மறுநாள் காலையில் அவள் காரை யார்டுக்குக் கொண்டுவந்தாள். ஏணி கண்ணாடிக் கம்பியோடு முன்னால் வந்து நின்றார். அவள் விரலை நீட்டினாள்.

"நீதானே அது? கையை இப்படி வச்சுக்கிட்டு நின்ன."

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் வேறு நாடு. ஆனால் அவளுடைய அம்மா இந்த மொழிக்காரி. வீட்டில் அம்மா பேசியது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த மொழி. அது முழுக்க ஒரு குழந்தையைக் கண்டிக்கிற மொழி. 'நீங்கள்' என்ற ஒன்று அதில் இல்லை. ஏணி நிமிர்ந்து நின்று பார்த்தார். கண்ணாடியைத் தள்ளினார். "அடி" என்றார்.

"எது அடி?"

சூப்பர்வைசர் வந்து விளக்கினார். ஆள் நின்று பார்த்துத் தெரியவில்லை, ஆகவே அடி, ஆகவே முன்பணத்தில் பிடிப்பார்கள்.

"எனக்குத் தெரியுதே" என்றாள் அவள். "நான் நின்னுக்கிட்டுதான் இருக்கேன்."

தெரிந்தது உண்மைதான். அவள் உயரம் ஏணியின் மார்புக்குக்கூட வராது.

"மேடம், நீங்க பாத்தா ஆகாது. எங்க ஆள் பாக்கணும்."

"பொய் சொல்றே. பொய் சொன்னா வாயில சூடு வைப்பேன்."

சூப்பர்வைசர் ஒரு கணம் வாயைத் தொட்டுக்கொண்டார். யார்டில் கார் கழுவுகிறவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஏணியின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அங்க அந்தக் கம்பி இருக்குன்னு ஏன் ஒரு போர்டு இல்ல? நீ கையைத் தூக்கினியே, உனக்குத் தெரியும்ல?"

ஏணி கண்ணாடியை மடக்கினார். "எனக்கு வேலை இருக்கு" என்றார். நடந்துபோகும்போது முதுகில் ஒரு சொல் வந்து விழுந்தது. "சீ."

அவள் ஊர் திரும்ப வேண்டிய விமானத்தை விட்டுவிட்டாள். வேறொரு விடுதியில் அறை எடுத்தாள். சுற்றிப்பார்க்க வருகிறவர்களின் குறைகளைக் கேட்கிற அலுவலகம் ஒன்று இருந்தது, அங்கே போய் எழுதிக்கொடுத்தாள். கம்பி அங்கே இருப்பது விடுதிக்காரருக்குத் தெரியும், தெரிந்தும் அறிவிக்கவில்லை, ஆகவே பொறுப்பு அவருடையது. தெரியும் என்பதற்கு ஆதாரம், அங்கே குடியிருக்கிற ஒரு நெட்டை ஆள் கையைத் தூக்கினான். வார இறுதியில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது.

வக்கீல் ஏணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். உட்காரவைத்தால்தான் அவரால் ஏணியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியும்.

"கையைத் தூக்கினியா தம்பி?"

"தானா எழுந்துடுச்சு சார்."

"எதுக்கு எழுந்தது? தலை அரிச்சுது. சொறியத் தூக்கினே. அவ்வளவுதான். அதிகாரி கேட்டா அதைச் சொல்லு."

"கை தலைக்கிட்டப் போகல சார். மார்போட நின்னுடுச்சு."

"அப்போ மார்பு அரிச்சுது! உனக்கு அரிக்கிற இடத்தை நானா சொல்லணும்?" வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல கூரை நல்ல உயரம், இல்ல?"

அன்று ஏணி வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அரிப்புன்னு சொல்லப்போறீங்களா?" என்று கேட்டாள்.

"வேற என்ன சொல்ல? படிக்கட்டுக்கு அடியில போய்ப் படுக்கணுமா திரும்ப?"

மறுநாள் ஏணி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது முளை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு அடித்து மிச்சமிருந்த சுண்ணாம்புப் பெயிண்டை அவள் இரண்டு பூச்சு பூசியிருந்தாள். தெருமுனையிலிருந்தே தெரிந்தது. அவள் பக்கத்தில் நின்று கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். வக்கீல் மாடிப்படியில் நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா? யாரு சொல்லி அடிச்சே?"

"யாரும் சொல்லல சார். பெருக்கப் பெருக்க விழுந்துக்கிட்டே இருக்கு. எனக்கு இடுப்பு வலிக்குது."

"அதிகாரி வர்ற நேரத்துல! ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே! ஏணி, சுரண்டு அதை. இப்பவே சுரண்டு!"

ஏணி மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். வக்கீல் கம்பி பிரஷ்ஷைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். யார்டில் குனியாமல் நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் அங்கே தெருவாசலில் மண்டியிட்டார். பெயிண்ட் பொருக்கு பொருக்காக உதிர்ந்து வியர்வையோடு கையில் ஒட்டிக்கொண்டது. பெயிண்ட்டோடு துருவும் போனது. துரு போன பிறகு வெயிலில் அந்த இரும்பு பளபளவென்று நின்றது. வெள்ளையாக இருந்தபோது தெருமுனையிலிருந்து தெரிந்தது, இப்போது அதற்கும் அப்பாலிருந்து தெரிந்தது. பால் வண்டிக்காரர் முதல்முறையாக வண்டியை நிறுத்தி, "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் யோசித்தார்.

"சேறு பூசு" என்றார் கடைசியில்.

"என்ன சார்?"

"சாக்கடை ஓரத்துல இருந்து கொஞ்சம் அள்ளு. அதுல பூசு. காஞ்சா பழைய நிறம் வந்துடும்."

ஏணி எழுந்து நின்றார். நிற்கும்போது வக்கீல் மிகச் சின்னதாகத் தெரிந்தார். பெயிண்ட் அடிக்காமல் விடுவது வேறு. மறைப்பதற்கென்று கை நிறைய அள்ளிவந்து பூசுவது வேறு. நகப்பூச்சு தடவிக்கொண்டு வந்தவர் ஞாபகத்துக்கு வந்தார். சேற்றில் முக்கிக்கொண்டு வந்தவரும்.

"மழை பெஞ்சா போயிடும் சார்" என்று மட்டும் சொன்னார்.

"பெஞ்சா திரும்பப் பூசு."

அவர் பூசினார். அன்றைக்கும் பூசினார், அதிகாரி வருகிற காலையிலும் பூசினார். முந்தைய நாள் பூசியது காய்ந்து வெடித்து விழுந்திருந்தது. சாக்கடைச் சேற்றின் நாற்றம் நகக்கண்ணில் ஏறி, சோப்பு போட்டும் போகவில்லை. அந்தச் சோப்பை விளக்குக் கூட்டிலிருந்து எடுக்கும்போது கை கூசியது. அன்று காலை அவர் சாப்பிடவில்லை. மனைவியும் சாப்பிடு என்று சொல்லவில்லை.

அதிகாரி சளி பிடித்த மனிதர். பளபளக்கிற ஷூ போட்டிருந்தார். சாப்பாட்டுப் பையைக் கையிலேயே வைத்திருந்தார். சீக்கிரம் முடிந்தால் நல்லது என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண் அவருக்குப் பின்னால் வந்தாள். யார்டிலிருந்து சூப்பர்வைசரும் வந்திருந்தார்.

"எது அந்த முளை?" என்றார் அதிகாரி.

"எந்த முளை சார்?" என்றார் வக்கீல்.

அந்தப் பெண் காட்டினாள். அதிகாரி அதன் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். எடுத்தபோது ஷூவின் அடியில் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டார்.

"ஈரமா இருக்கே?"

"மழை சார்."

"மழை இது மேல மட்டும் பேஞ்சுதா?"

வக்கீல் வானத்தைப் பார்த்தார். அதிகாரி ஷூவைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஏணியின் பக்கம் திரும்பினார். மேல்நோக்கிப் பேச வேண்டியிருந்தது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"இவங்க கார் வந்தப்போ நீங்க இங்க நின்னீங்களா?"

"நின்னேன் சார்."

"கையைத் தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"எதுக்கு?"

வக்கீல் தன் மார்பை மெதுவாகச் சொறிந்து காட்டினார். சூப்பர்வைசர் கீழே பார்த்தார். மனைவி பம்பர் முறத்தையும் துடைப்பத்தையும் பிடித்துக்கொண்டு சந்து முனையில் நின்றிருந்தாள். ஏணி தன் கையைப் பார்த்தார். உள்ளங்கை ரேகையெல்லாம் சேறு. இந்தக் கையால் அரித்தது என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் நாக்குவரைக்கும் வந்தது. அதற்குப் பின்னாலேயே குமட்டலும் வந்தது.

"நிறுத்தச் சொல்லத் தூக்கினேன் சார்."

"அப்போ முளை இருக்கிறது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். இங்க புதுசா வர்றவங்களைத் தவிர."

"தூக்கினது எவ்வளவு தூரம்?"

ஏணி காட்டினார். சேற்றுக் கை மார்புக்கு நேரே வந்து நின்றது.

"ஏன் பாதியில நிறுத்தினீங்க?"

"முழுசாத் தூக்கினா அறிவிப்பு ஆயிடும்னு அவர் சொல்லியிருக்கார்."

அந்தப் பெண் மூச்சு விட்டாள். எல்லாம் முடிந்தது என்று ஏணி நினைத்தார். ஆனால் வக்கீலின் முகம் மலர்ந்தது. பின் சீட்டிலிருந்து கேட்டது ஏதோ அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"கேட்டீங்களா சார்? எங்க ஆளே சொல்லிட்டார். அறிவிப்பு கொடுத்தாச்சு!"

"என்ன?"

"கை காட்டியிருக்கார் சார். இவங்க பாக்கல. போர்டு இல்லன்னா என்ன, ஆளே நின்னு காட்டியிருக்காரே!"

"முழுசாக் காட்டலையே" என்றார் அதிகாரி.

"பாதி காட்டினார் சார்!"

அதிகாரி தும்மினார். கைக்குட்டைக்குள் யோசித்தார். அவருக்கு இது ஒரு வழியாகத் தோன்றியதைப் பக்கத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் அப்படித்தான் எழுதினார். நிரந்தர அறிவிப்பு இல்லை, ஆகவே இட உரிமையாளருக்குப் பாதிப் பொறுப்பு. ஆனால் ஒரு நபர் பகுதியளவு எச்சரித்திருக்கிறார், ஓட்டுநர் அதைக் கவனித்திருக்க வேண்டும், ஆகவே ஓட்டுநருக்கு மறு பாதி. யார்டு சொன்ன 'அடி' அப்படியே நின்றது. அதைப் பற்றி அவர் பேசவில்லை.

அந்தப் பெண் ஏணியின் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாத் திட்டுகளையும் அவள் மனதுக்குள் தேடுவது தெரிந்தது. எதுவும் அளவுக்குப் பொருந்தவில்லை போலும்.

"கையைக் கழுவு" என்றாள். "சோப்பு போட்டுக் கழுவு." போய்விட்டாள்.

அன்று மாலையே வக்கீல் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, தொழில்முறையாகச் சொன்னார். "நீ தூக்கியிருக்கவே கூடாது தம்பி. தூக்கினா முழுசாத் தூக்கியிருக்கணும். முழுசாத் தூக்கியிருந்தா முழுப் பொறுப்பும் அவ தலையில போயிருக்கும். ரெண்டும் இல்லாம என்னைப் பாதியில மாட்டிவிட்டியே." மேல்முறையீடும் போட்டிருந்தார். அப்படி ஒரு முளை அங்கே இருப்பதே தனக்குத் தெரியாது என்று ஒரு பத்தி. அது இருப்பதைத் தன் ஆள் சரியாக அறிவித்தான் என்று அடுத்த பத்தி.

யார்டில் ஏணியை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவருடைய உயரம் அப்படியேதான் இருந்தது. சூப்பர்வைசர் மட்டும் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பச்சைக் காரைப் பாரு" என்றார். ஏணி நிமிர்ந்து நின்று பார்த்தார்.

வேறு வீடு கிடைத்தது. ஒரு கிடங்கின் மேலே தகரம் போட்ட அறை. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நடுவுல நிக்கலாம். ஓரத்துல தலை, தலை" என்றாள்.

சாமான் ஏற்ற ஒரு மினி லாரி சொல்லியிருந்தார்கள். ஓட்டுகிறவன் இந்தப் பக்கம் வராதவன். ஏணி உள்ளே பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி சோப்பு வைத்த விளக்குக் கூட்டை எடுத்து ஒரு கணம் பார்த்து, ஜன்னலிலேயே திரும்ப வைத்தாள். கரண்டி வலையைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. முறத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

லாரி ரிவர்ஸில் ஏறிவருகிற சத்தம் கேட்டது. ஏணி மூட்டையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். சந்து முனைக்கு வந்தபோது அவர் கை முழுசாக மேலே இருந்தது. தேவைப்படவில்லை. லாரி ஏற்கெனவே நின்றிருந்தது. மனைவி முளையின் மேல் உட்கார்ந்திருந்தாள். மணைப்பலகையில் உட்காருவதுபோலக் காலை மடித்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்த காய்ந்த சேறு புடவையில் ஒட்டியிருந்தது. லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, "என்னக்கா, எழுந்திரிக்கா" என்றான்.

மாடி ஜன்னல் திறந்தது. வக்கீல் கத்தினார்.

"ஏய்! அங்க உட்காராதே!"

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"எதுல சார்?"

வக்கீலின் வாய் திறந்தபடி இருந்தது. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.